கொத்தா, ஒற்றை மூலக்கூறா?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் ஜெலனி உலர்ந்த காற்றில் அயனிகளின் வேகத்தை அளந்தார். சென்டிமீட்டருக்கு 1 வோல்ட் மின்புலத்தில் நேர் அயனி நொடிக்குச் சுமார் 1.4 செ.மீ. நகர்ந்தது; எதிர் அயனி சுமார் 1.9 செ.மீ. எண்கள் இன்றைக்கும் நிற்கின்றன. ஆனால் ஒற்றை மூலக்கூறு மின்னூட்டத்துடன் நகர்வதாக வைத்துக்கொண்டால், அன்றைய கணக்குப்படி வேகம் பல மடங்கு கூடுதலாக இருந்திருக்க வேண்டும். அயனி அக்கம்பக்கத்து மூலக்கூறுகளைத் திரட்டிக்கொண்டு கொத்தாகப் போகிறது என்றனர் ஒரு சாரார். போவது ஒற்றை மூலக்கூறுதான், அதன் ஈர்ப்பால் மோதல்கள் பெருகி வேகம் குறைகிறது என்றனர் மறுசாரார். ஈர்ப்பையும் மோதலையும் இணைத்து 1905இல் லாஞ்சவன் எழுதிய கோட்பாடு இருபது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. என்றாலும், இந்த வழக்கு நீண்டதற்குக் கோட்பாட்டுக் குறை முதன்மைக் காரணமல்ல என்றே நினைக்கிறேன். எதனுடைய வேகத்தை அளக்கிறோம் என்பதே எவருக்கும் தெரியவில்லை.

இதைச் சொல்லக்கூடிய கருவி 1919இலேயே ஆஸ்டன் கையில் இருந்தது. ஆனால் அயனிகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் அவருடைய நிறைமாலைமானிக்கு வெற்றிடம் வேண்டும். நகர்வேகத்தை அளக்கவோ வாயு வேண்டும். வாயு நிறைந்த குழாயின் கடைசியில் நுண்துளையிட்டு, கசியும் வாயுவை வலிய பம்புகளால் இறைத்துக்கொண்டே அயனியை மட்டும் அப்பால் அனுப்பினால்தான் இரண்டும் சேரும். அதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

பிரிஸ்டலில் டிண்டலும் பவலும் (பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அதே பவல்தான்) 1930களிலேயே வழக்கை முடித்துவிட்டார்களே என்று கேட்கலாம். தூய்மையாக்கிய வாயுவில் கார உலோக அயனிகளை ஓடவிட்டு, கோட்பாட்டோடு ஒத்த வேகங்களை அவர்கள் பெற்றது உண்மை. ஆனால் சூடான உலோகப் பரப்பிலிருந்து வந்த அயனி இன்னதென்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அப்படித் தெரியாத இடத்தில் அந்த வழி உதவவில்லை. ஹைட்ரஜனில் பிறக்கும் ஈரணு அயனி அடுத்த மூலக்கூறோடு மோதியதும் மூவணு அயனியாகிவிடுகிறது. பலரும் அளந்தது இந்த மூன்றணு அயனியைத்தான் என்று ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் மெக்டேனியல் குழு நிறையை நேரடியாகப் பார்த்து 1961இல்தான் உறுதி செய்தது. 1965இல் வெளியான ஏவூர்தி அளவீடுகளோ, அயனிமண்டலத்தின் அடியடுக்கில் நீர் மூலக்கூறு ஒட்டிய புரோட்டான் கொத்துகளைக் காட்டின. ஆக, கொத்துக் கட்சியும் முழுக்கத் தோற்கவில்லை. ஈரம் இருந்த இடத்தில் அவர்கள் சொன்னதே சரி.

நிறை தெரிந்துவிட்டால் நகர்வேகம் எதற்கு என்ற கேள்விக்குக் கார்பன் பதில் சொல்கிறது. 1991இல் சாந்தா பார்பராவில் பவர்ஸ் குழு ஒரே எண்ணிக்கை அணுக்கள் கொண்ட கார்பன் அயனிகளை ஹீலியத்தில் ஓடவிட்டபோது, அவை வெவ்வேறு நேரங்களில் வந்து சேர்ந்தன. நீண்ட சங்கிலி அதிகம் மோதிப் பிந்தியது, வளையம் முந்தியது, அணுக்கள் கூடிய அயனிகளில் கூண்டு அதற்கும் முந்தியது. நிறைமாலைமானிக்கு இவை மூன்றும் ஒன்றே. ஆனாலும் கருவி தருவது வந்துசேர்ந்த நேரத்தை மட்டுமே. எது சங்கிலி, எது வளையம் என்பதை, மாதிரி வடிவங்களுக்குக் கணக்கிட்ட மோதல் பரப்போடு ஒப்பிட்டே முடிவு செய்தார்கள். எவரும் நினைத்துப் பார்க்காத வடிவம் அந்த ஒப்பீட்டில் இடம்பெறாது.