மரைக்காலும் கிலோகிராமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் திசையிலே கிடப்பதனாற் படுவான்கரை எனப் பெயர்பெற்ற வயல்நாட்டில் உள்ளது கொக்கட்டிச்சோலை. அந்நாட்டிலே களத்து நெல்லை அளந்தது மரைக்கால். ஆங்கிலர் ஆட்சியிலே புசலும் வந்து சேர்ந்தது. அது எட்டுக் கலன், அதாவது 36 லீற்றருக்குச் சற்று மேற்பட்டது. இரண்டும் முகத்தலளவைகளே. தலைதட்டி அளந்தால் ஒரு கணக்கு, குவித்து அளந்தால் வேறொரு கணக்கு. அளப்பவன் கையிலே நெல் கூடும், குறையும்.

பிரான்சு நாட்டிலும் ஊருக்கோர் அளவு வழங்கிற்று. அக்குழப்பத்தை ஒழிக்கவே 1791 ஆம் ஆண்டில் அந்நாட்டு அறிஞர், வடதுருவத்திலிருந்து பூமியின் நடுக்கோடு வரையுள்ள தூரத்திற் கோடியில் ஒரு பங்கை மீற்றர் என வகுத்தனர். நிறையும் அதிலிருந்தே பிறந்தது. பத்துச் சென்றிமீற்றர் நீளமும் அகலமும் உயரமும் உடைய பெட்டி கொள்ளும் நீர் ஒரு லீற்றர். அதன் நிறை ஒரு கிலோகிராம்.

மாணாக்கர்க்கு இதனை விளக்கத் தகரப்பெட்டி ஒன்றும் தராசும் போதும். அதே பெட்டியில் நெல்லை நிரப்பி நிறுத்தால், அரைக் கிலோகிராமுக்குச் சற்றே மேல் நிற்கும். கொள்ளளவு வேறு, நிறை வேறு என்பது அங்கேயே விளங்கிவிடும். மனனஞ் செய்வித்த வாய்பாடு இவ்வளவு பயன் தருவதில்லை.

இந்தியா 1956 இற் சட்டமியற்றியது. இலங்கை 1970களில் மாறத் தொடங்கிற்று. இன்று அரசு நெல்லுக்கு விலை கூறுவது கிலோகிராமுக்கே. வயலிலோ ஏக்கரும் புசலும் இன்னும் வழங்குகின்றன. புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோகிராம் என்பதை அறியாத உழவன், விற்குமிடத்திற் பிறர் கணக்கையே நம்பவேண்டியவனாகிறான். தராசும் முற்றாகக் காப்பதன்று. ஈரநெல்லோடு நீரும் நிறுக்கப்படும். ஆதலாற்றான் கொள்வனவிலே நூற்றுக்கு 14 வீத ஈரப்பதன் என்னும் வரம்பு வைக்கப்பட்டது. அதனைக் காட்டும் கருவியை வாசிக்கத் தெரிந்த பிள்ளை உடன் நின்றால், தந்தை விலையைக் கேட்டு வாங்கலாம்.