குழம்புக்கு ஒன்று, கோப்பைக்கு ஒன்று

தாப்பாவிலிருந்து பீடோர் பக்கம் போனாலும் கம்பார் பக்கம் போனாலும் சாலையோரத்து லாலான் புல்லுக்கு அப்பால் தண்ணீர் பளபளக்கும். இயற்கை ஏரிகள் அல்ல. பெரும்பாலும் ஈயக் குட்டைகள். வார இறுதியில் அவற்றின் கரையில் நிற்பவர் கொண்டுவந்த சாமானைப் பார்த்தாலே ஆள் எந்தக் கூட்டம் என்று தெரிந்துவிடும். வாளியோடு வந்தவர் விராலுக்கு வந்தவர். தராசும் கைப்பேசியும் தயாராக வைத்திருப்பவர் தோமானுக்கு வந்தவர். இரண்டும் ஒரே குடும்பத்து மீன்கள். ஒன்று அடுப்புக்கும் மற்றது போட்டிக்கும் போன கதையில் மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈயத்துக்கும் பங்கு உண்டு, அமெரிக்க ஏரிகளுக்கும் பங்கு உண்டு.

ஈயத்தில் தொடங்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிந்தா பள்ளத்தாக்கு உலகின் மிகப் பெரிய ஈய வயல்களில் ஒன்றாக இருந்தது. அதற்குத் தெற்கே, தாப்பாவைத் தலைநகராகக் கொண்ட பத்தாங் பாடாங் மாவட்டத்திலும் ஈயம் கிடைத்தது. தாப்பா ரோட்டையும் தெலுக் ஆன்சன் துறைமுகத்தையும் (இன்றைய தெலுக் இந்தான்) இணைத்த ரயில் பாதை 1893இல் திறக்கப்பட்டபோது, அது சுமக்க வேண்டிய சரக்கு எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. சிறிய சுரங்கங்களில் வேலை நடந்த விதம் எளிது: மண்சரிவை அழுத்த நீரால் அடித்துக் கரைப்பார்கள், சேற்றைப் பம்பு உறிஞ்சி, உயரமாக மரத்தால் கட்டிய பாலோங் என்ற சரிவுத் தொட்டியில் கொட்டும், கனமான ஈய மணல் தடுப்புகளில் தங்க, மிச்ச மணல் வழிந்தோடும். பணக்காரக் கம்பெனிகள் மிதக்கும் தூர்வாரிக் கப்பல்களை வைத்துக்கொண்டன. 1938இல் கட்டப்பட்ட அப்படியொரு கப்பல் தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் காட்சிக்கு நிற்கிறது. எந்த முறையானாலும் முடிவு ஒன்றுதான். ஈயம் தீர்ந்ததும் பம்பு நிற்கும், குழி நிரம்பும். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் கையை விரிக்க, விலை சரிந்து, மிஞ்சியிருந்த சுரங்கங்களும் அடுத்தடுத்து மூடின.

வெள்ளம் வந்தபோது ஆற்று மீன் குட்டைக்குள் ஏறியது. மனிதர்களும் கொண்டுவந்து விட்டார்கள்.

பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கு இந்தக் குட்டைகள் விளையாட்டு மைதானம் அல்ல. பால்வெட்டு விடியலில் தொடங்கி மதியத்தில் ஓயும் வேலை, பிற்பகல் மிச்சம். மூங்கில் கம்பு, நரம்பு, முள், மண்ணைக் கிளறினால் கிடைக்கும் புழு. பெரிய விரால் வேண்டுமென்றால் உயிருள்ள தவளையை முள்ளில் கோத்துப் புல்லோரமாகத் துள்ள விட வேண்டும். அகப்பட்ட மீன் லயத்து வீட்டில் புளிக்குழம்பாகும். பிள்ளை பெற்றவளுக்கும் அறுவை செய்துகொண்டவருக்கும் விரால் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்ற நம்பிக்கையில் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்ற பேதமில்லை. 1990கள் முதல் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விராலின் அமினோ அமிலங்களையும் கொழுப்பு அமிலங்களையும் பிரித்துப் பார்த்து எழுதியதும் அந்த நம்பிக்கையைத் தொடர்ந்துதான். இப்படிப்பட்ட மீனைப் பிடித்து, முத்தம் கொடுத்து, திரும்பத் தண்ணீரில் விடச் சொன்னால் தோட்டத்துப் பாட்டி என்ன சொல்லியிருப்பார் என்பதை அச்சில் ஏற்ற முடியாது.

அடுப்புக்கும் போட்டிக்கும் இடையிலான இதே பிளவு அமெரிக்காவிலும் உண்டு. அங்கே தெற்கத்திக்காரர்களின் மீன் பாஸ். வடக்கே கனடா எல்லையோரத்து ஏரிகளின் மீன் வாலாய். மின்னசோட்டா 1965இல் வாலாயைத் தன் மாநில மீனாகவே அறிவித்தது. வாலாயின் வெள்ளைச் சதைக்கு அந்த ஊர்களில் இருக்கும் மரியாதை நம்மூரில் வஞ்சிரத்துக்கு இருப்பதுதான்.

பாஸை ஒரு தொழிலாக்கியவர் ரே ஸ்காட், அலபாமாவைச் சேர்ந்த காப்பீட்டு முகவர். 1967 ஜூனில் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரிடம் தலைக்கு 100 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு போட்டி நடத்தினார். மறு ஆண்டே சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1971இல் முதல் ‘பாஸ்மாஸ்டர் கிளாசிக்’ நடந்தபோது 24 போட்டியாளர்களை விமானத்தில் ஏற்றி, எந்த ஏரி என்று வானத்தில் பறக்கும்போதுதான் சொன்னார்: நெவாடாவின் மீட் ஏரி. முதல் பரிசு 10,000 டாலர். இன்று அது 3 லட்சம். ஆனால் ஸ்காட்டின் பெரிய கண்டுபிடிப்பு பரிசுப் பணம் அல்ல. 1972இல் அவர் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார்: பிடித்ததைக் கொல்லாதே, படகுத் தொட்டியில் உயிரோடு வைத்துக் கொண்டுவா, எடை போட்டபின் விட்டுவிடு. மீன் செத்தால் எடையில் தண்டம். செத்த மீன் குவியலைக் கண்டு முகம் சுளித்த ஊர்க்காரர்களுக்கு அது பதிலாயிற்று. அதே மீனை அடுத்த வாரம் இன்னொருவர் பிடிக்கலாம் என்பது வியாபாரத்துக்கும் நல்லது. அதற்கு முந்தைய காலம் வேறு. 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் உலக சாதனை. அதை அவர் குடும்பம் சமைத்துத் தின்றுவிட்டது.

வாலாய்க்காரர்களால் ஸ்காட்டின் வழியை அப்படியே பின்பற்ற முடியவில்லை. அவர்களுடைய பெரிய போட்டித் தொடர்கள் 1980களில்தான் கிளம்பின. பாஸ் போட்டியில் செயற்கை இரை மட்டுமே. வாலாய்க்கு அட்டையும் மண்புழுவும் சின்ன மீனும் உயிரோடு போகும். பாஸ் கரையோரத்துச் செடிகளிலும் விழுந்த மரங்களிலும் ஒதுங்கும் என்பதால் பார்வையாளனுக்கும் ஒவ்வொரு வீச்சும் தெரியும். வாலாய் மங்கிய வெளிச்சத்தை விரும்புவது, ஆழத்தில் திரிவது, படகை மெல்ல ஓட்டியபடி பல தூண்டில்களை இழுத்துத் தேட வேண்டும். தொலைக்காட்சிக்கு இது ஒத்துவராத வேலை. ஆழத்திலிருந்து சட்டென மேலே இழுத்த மீன் அழுத்த மாற்றத்தில் அடிபடும், விட்டாலும் பல பிழைப்பதில்லை. எப்படியும் சாகப்போகிற மீனை வறுத்தால்தான் என்ன என்ற கேள்விக்கு அங்கே யாரிடமும் நல்ல பதில் இருந்ததில்லை.

2022 செப்டம்பர் 30 அன்று கிளீவ்லாண்டில் நடந்தது உலகம் முழுக்கப் பரவியது. ஈரி ஏரி வாலாய்ப் போட்டியில் இருவர் கொண்டுவந்த மீன்கள் கண்ணுக்குத் தெரிந்த உடம்பைவிட அதிகம் எடை காட்டின. நடத்துநர் அங்கேயே கத்தியால் வயிற்றைக் கிழித்தார். உள்ளே காரீயக் குண்டுகள்; கூடவே வேறு வாலாய்களின் சதைத் துண்டுகள். மறு ஆண்டு இருவருக்கும் 10 நாள் சிறை, படகு பறிமுதல். உயிரோடு திருப்பி விட வேண்டிய பாஸாக இருந்திருந்தால் அந்தக் கத்திக்கு வேலை வந்திருக்குமா என்பது யோசிக்க வேண்டியது.

பேராக்கில் பாஸின் இடத்தைப் பிடித்தது தோமான். ஒரு மீட்டருக்கு மேல் வளரும், 20 கிலோவைத் தொடும், காற்றை விழுங்க மேலே வரும். அந்தக் குமிழியைக் குறிவைத்து ரப்பர்த் தவளையையோ சுழலும் தகட்டையோ வீசினால் தண்ணீர் வெடிக்கும். சீன உணவகங்களில் மீன் சூப்புக்குத் தோமான் துண்டுக்குக் கிராக்கி உண்டு என்றாலும், இளைஞர்களுக்கு வேண்டியது அந்த வெடிப்பும் ஒரு படமும். பிடித்து, எடை பார்த்து, விடுகிற பழக்கம் அப்படித்தான் இங்கே ஒட்டிக்கொண்டது.

பழக்கம் வந்ததே தவிர, சங்கடம் தீரவில்லை. தோமானும் விராலைப் போலவே குஞ்சுகளைக் காவல் காக்கும். செங்குஞ்சுகள் கொத்தாக மேலே எழும்போது அடியில் தாய் தகப்பன் நிற்கும் என்று தூண்டில்காரனுக்குத் தெரியும். இரையை அந்தக் கொத்தின் நடுவே இழுத்தால் பசியில்லாத மீன்கூடக் கோபத்தில் கடிக்கும். சுலபமான வெற்றி. பெரியதைத் தூக்கிய சில நிமிடங்களில் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடலாம். பிறகு விட்டேன் என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறதா? புழு கோத்து, குழம்புக்கு ஒன்றே ஒன்று பிடித்துப் போகிற கிழவர் குட்டைக்குச் செய்யும் கேடு இதைவிடக் குறைவு என்றுதான் தோன்றுகிறது.

பணத்திலும் வழி பிரிந்தது. ஸ்காட் செய்தது போல நுழைவுக் கட்டணத்தைத் திரட்டி அதிலிருந்தே பரிசு கொடுத்தால் மலேசியாவில் அது சூதாட்டமாகுமா என்ற கேள்வி எழும். இது குறித்து முஃப்தி அலுவலகங்கள் விளக்கம் தந்திருக்கின்றன. பரிசை வெளியிலிருந்து யாராவது கொடுத்தால் சிக்கல் இல்லை. ஆகவே தூண்டில் கடைகளும் இரை விற்பவர்களும் அரசியல்வாதிகளும் பேனரில் இடம்பிடித்தார்கள். இன்னொரு பக்கம் கட்டணக் குளங்கள்: மணிக்கணக்குக்குக் காசு, கனத்த மீனுக்குப் பரிசு.

இதற்கிடையில் நிஜமாகவே பாஸ் என்ற பெயரோடு ஒரு மீன் பேராக்குக்கு வந்து சேர்ந்தது. அமேசான் பக்கத்துப் பீகாக் பாஸ். அமெரிக்க பாஸுக்கு உறவில்லை, திலாப்பியாவின் சொந்தக்காரன். ஃபுளோரிடாவில் 1984இல் கால்வாய்களில் பெருகிய அந்நிய மீன்களைத் தின்னட்டும் என்று அரசே விட்டது. இங்கே 1990களில் யாரோ கொண்டுவந்து குட்டைகளில் விட, தெளிந்த தண்ணீரில் செழித்துவிட்டது. உள்ளூர்ச் சிறுமீன்களைக் காலி செய்கிறது என்று மீன் ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள். போட்டிக்காரர்களுக்கோ தங்க நிறமும் வால் புள்ளியும் பிடித்துப்போக, மலாய்க்காரர்கள் அதை ராஜா மீன் என்றே அழைக்கிறார்கள். பிடித்ததைத் திரும்ப விடுவது நல்ல பழக்கம் என்று கற்றுக்கொண்ட இளைஞர் ராஜா மீனை விட்டால் குட்டைக்குக் கேடு. கொன்றால் தன் சங்கத்தில் கெட்ட பெயர். வாளியோடு வந்தவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. வெள்ளைச் சதை, முள் குறைவு, மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்தால் நன்றாகவே இருக்கிறது.