விற்பனையில் முந்தியவர்களும் கணக்கேட்டில் பிந்தியவர்களும்: வீடியோ விளையாட்டுக் கருவிகளின் போர்

பத்திரிகைக் காரியாலயத்தில் நீண்டகாலம் பணியாற்றிய எவருக்கும் தெரிந்த ஓர் உண்மை உண்டு. விற்பனைப் பிரிவினர் பெருமையுடன் சொல்லும் எண்ணிக்கை வேறு. கணக்குப் பிரிவினர் முகம் சுளித்துக்கொண்டு காட்டும் எண்ணிக்கை வேறு. அச்சிட்ட பிரதிகள் எல்லாம் விற்ற பிரதிகள் அல்ல. விற்ற பிரதிகள் எல்லாம் இலாபம் தந்தவையும் அல்ல. வாசகர் கொடுக்கும் விலை கடதாசிச் செலவுக்கே போதாத காலங்களை நாம் கண்டிருக்கிறோம். விளம்பர வருமானம்தான் பத்திரிகையைத் தாங்கி நிற்கும். வீடியோ விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றைப் படித்தபோது, இதே கணக்கு அங்கே பில்லியன் டொலர் அளவில் நடந்திருப்பதைக் கண்டு வியந்தேன்.

தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் இக்கருவிகள் பல, உற்பத்திச் செலவுக்கும் குறைந்த விலையில் விற்கப்பட்டவை. கருவியில் ஏற்படும் நட்டத்தை, பின்னர் விற்கும் விளையாட்டுகளின் வருமானமும் வேறு நிறுவனங்கள் தம் விளையாட்டுகளுக்காகச் செலுத்தும் உரிமக் கட்டணமும் ஈடுசெய்யவேண்டும். வாங்கியவர் தொடர்ந்து விளையாட்டுகளை வாங்காவிட்டால் முதலுக்கே மோசம்.

முதலில் வீழ்ந்தது அமெரிக்காவின் அட்டாரி. 1977இல் வெளியாகி, பின்னர் அட்டாரி 2600 என்று பெயர்பெற்ற அதன் கருவி மொத்தத்தில் சுமார் 30 மில்லியன் விற்பனையானது. ஆனால், அக்கருவிக்கு யார் வேண்டுமானாலும் விளையாட்டுத் தயாரிக்க முடிந்தது. தரமற்ற விளையாட்டுகள் கடைகளை நிரப்பின. விற்காதவை திரும்பி வந்தன. 1983இல் மட்டும் அட்டாரியின் நட்டம் 500 மில்லியன் டொலரைத் தாண்டியது. அந்த ஆண்டு செப்டெம்பரில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமொகோர்டோ நகரக் குப்பைமேட்டில் அந்நிறுவனம் தன் விளையாட்டுகளைக் கொண்டுபோய்ப் புதைத்தது. 2014 ஏப்ரலில் அவ்விடத்தைத் தோண்டியபோது அவை மண்ணோடு வெளியே வந்தன.

அந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்றது ஜப்பானின் நின்டென்டோ. 1889இல் கியோட்டோ நகரில் விளையாட்டுச் சீட்டுகள் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் அது. 1985இல் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற கருவியில், அனுமதி பெறாத விளையாட்டுகள் இயங்காதபடி ஒரு சில்லைப் பொருத்தியது. வேறு நிறுவனங்களின் கார்ட்ரிட்ஜ்களையும் தானே தயாரித்துக் கொடுத்து, அதற்கான பணத்தை முன்கூட்டியே பெற்றுக்கொண்டது. அக்கருவி உலகெங்கும் 61.91 மில்லியன் விற்றது. விற்காமல் தேங்கும் விளையாட்டுகளின் நட்டமோ மற்றவர் தலையில் விழுந்தது.

1990களின் முற்பகுதியில் அமெரிக்கச் சந்தையில் நின்டென்டோவை ஆட்டங்காண வைத்த நிறுவனம் சேகா. அதன் முடிவுதான் இவ்வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி. 1995 மே மாதம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த கண்காட்சியில் சேகா தனது சற்றேர்ன் கருவியின் விலை 399 டொலர் என அறிவித்தது. அதே நாளில் சோனியின் பிரதிநிதி மேடையேறி, பிளேஸ்டேஷனின் விலையாக "299" என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். சற்றேர்னுக்குள் இருந்த சில்லுகளோ பல, அமைப்போ சிக்கலானது. விலையைக் குறைத்தால் நட்டம், குறைக்காவிட்டால் விற்பனை இல்லை என்ற இக்கட்டில் சேகா சிக்கியது. முதலாவது பிளேஸ்டேஷன் 100 மில்லியனுக்கு மேல் விற்றது.

1998இல் வந்த டிரீம்காஸ்ட் சேகாவின் இறுதி முயற்சி. விளையாடியவர்கள் இன்றும் அதைப் பாராட்டுகிறார்கள். ஆயினும் சுமார் 9 மில்லியனுடன் அதன் கதை முடிந்தது. கருவி உற்பத்தியைக் கைவிடுவதாக 2001 ஜனவரியில் சேகா அறிவித்தது. அதன் தலைவர் இசாவோ ஒக்காவா, ஏறத்தாழ 700 மில்லியன் டொலர் பெறுமதியான தன் சொந்தச் சொத்தை நிறுவனத்துக்கு வழங்கிவிட்டு அந்த மார்ச் மாதம் காலமானார். தோற்ற சேகா திறமையில் குறைந்த நிறுவனம் அன்று; நட்டத்தைத் தாங்க வேறு கைமுதல் இல்லாத நிறுவனம்.

கைமுதல் உள்ளவரின் நிலை எப்படி இருக்கும் என்பதை அதே ஆண்டு நொவெம்பரில் களமிறங்கிய மைக்ரோசொப்ட் காட்டியது. அதன் முதலாவது எக்ஸ்பொக்ஸ் சுமார் 24 மில்லியன் விற்றது. நின்டென்டோவின் கேம்கியூப் 21.74 மில்லியன். எண்ணிக்கையில் வென்றது மைக்ரோசொப்ட்டே. ஆனால், அந்த முயற்சியில் அதன் நட்டம் ஏறத்தாழ 4 பில்லியன் டொலர் என்று மதிப்பிடப்பட்டது. வகுத்துப் பார்த்தால் கருவி ஒன்றுக்கு 160 டொலருக்கு மேல்! விண்டோஸ் ஈட்டிய பணம் அதைத் தாங்கியது. தோற்றதாகக் கூறப்பட்ட நின்டென்டோவோ, கையடக்கக் கருவிகளின் துணையுடன் அக்காலத்தில் ஓர் ஆண்டுக் கணக்கைக்கூட நட்டத்தில் முடிக்கவில்லை.

2006இல் இந்த முரண்பாடு இன்னும் கூர்மையடைந்தது. அமெரிக்காவில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 கருவியின் உயர்ந்த வகை 599 டொலருக்கு விற்கப்பட்டது. அதைக் கழற்றி ஆராய்ந்த ஐசப்ளை நிறுவனம், தயாரிப்புச் செலவு சுமார் 840 டொலர் என மதிப்பிட்டது. 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு 232 பில்லியன் யென் நட்டமடைந்தது. நின்டென்டோ 249 டொலருக்கு விற்ற வீ கருவியில் புதுமையான கைப்பிடி இருந்தது; விலையுயர்ந்த சில்லுகள் இல்லை. அது 101.63 மில்லியன் விற்றது. 2009 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நின்டென்டோவின் தொழிற்பாட்டு இலாபம் 555 பில்லியன் யென்.

நின்டென்டோவும் சறுக்காமல் இல்லை. 2011இல் 3டிஎஸ் கருவியின் விலையை, வெளியான சில மாதங்களிலேயே பெருமளவு குறைக்க நேர்ந்தது. அதற்குப் பொறுப்பேற்றுத் தலைவர் சதொரு இவாத்தா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2012இல் வந்த வீ யூ 13.56 மில்லியனுடன் நின்றது. ஆனால் வீ காலத்தில் சேர்த்த பணம் கையிருப்பில் இருந்தது. அதனால்தான் 2017இல் ஸ்விட்ச் பிறக்க முடிந்தது. அது 150 மில்லியனைத் தாண்டியது. சேகாவுக்குக் கிடைக்காத இரண்டாவது வாய்ப்பு நின்டென்டோவுக்குக் கிடைத்தது.

2015இல் மைக்ரோசொப்ட், எக்ஸ்பொக்ஸ் எத்தனை விற்றது என்று அறிவிப்பதையே நிறுத்திக்கொண்டது. 2021 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் சாட்சியமளித்த அதன் அதிகாரி லோரி ரைட், எக்ஸ்பொக்ஸ் கருவி விற்பனையில் நிறுவனம் ஒருபோதும் இலாபம் ஈட்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். இருபது ஆண்டுகள் நீடித்த போட்டியின் கணக்கு, சத்தியப் பிரமாணத்தின் பின்னரே வெளியே வந்தது!

நிறுவனங்கள் அறிவிக்கும் எண்ணிக்கை, பெரும்பாலும் கடைகளுக்கு அனுப்பிய பெட்டிகளின் எண்ணிக்கையே. அச்சிட்ட பிரதிகளைச் சொல்லிப் பெருமைப்படும் பத்திரிகைக்காரர்களான எமக்கு இது புதிதல்ல. எத்தனை விற்றது என்று கேட்பதோடு நிற்காமல், விற்றதில் என்ன மிஞ்சியது என்றும் கேட்கவேண்டும். அலமொகோர்டோ குப்பைமேட்டில் புதையுண்டவையும் ஒருகாலத்தில் கடைகளுக்காகத் தயாரான சரக்குகள்தாம்.