தீயில் வெந்த வாள்கள்

1615ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகா கோட்டை விழுந்தது. டொயோடோமி குலத்தோடு சேர்ந்து, அக்குலத்தின் ஹிதெயோஷி தேடித்தேடிச் சேர்த்த பெயர்பெற்ற வாள்களும் தீக்கு இரையாயின. வென்ற டொக்குகாவா இயெயாசு அவற்றைக் கழித்துப்போட மனமில்லாமல், எச்சிசென் யாசுத்சுகு என்ற கொல்லரிடம் ஒப்படைத்தார்.

அவற்றில் ஒன்று இச்சிகோ ஹிதோஃபுரி. 13ஆம் நூற்றாண்டில், கியோட்டோவின் அவாதாகுச்சி மரபைச் சேர்ந்த யோஷிமித்சு அடித்தது. குறுவாள்களுக்கே பேர்போன அவர் கையிலிருந்து வந்த அபூர்வமான நீள்வாள்.

தீ பட்டால் வாளுக்கு என்ன ஆகும்? ஜப்பானியக் கொல்லர் வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும், வெட்டுவாயில் மெல்லிசாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். சட்டென்று குளிரும் வெட்டுவாய் கடினமாகும். மெதுவாகக் குளிரும் முதுகு அடி தாங்கும். இரண்டும் சேருமிடத்தில் பனிபடர்ந்தாற்போல் ஒரு வெண்வரி ஓடும். அதுதான் ஹமோன். ஒவ்வொரு கொல்லரின் கைவாகும் அதில் தெரியும். எரியும் கட்டடத்துக்குள் அந்த வாள் சிக்கிவிட்டால், பதம் இறங்கி வரி மறைந்துவிடும். உருவம் மட்டும் மிஞ்சும்.

யாசுத்சுகு அந்த வாள்களுக்கு மறுபடி பதம் வைத்தார். கூர் திரும்பியது. ஆனால் வெட்டுவாயில் ஓடியது யாசுத்சுகுவின் வரி, யோஷிமித்சுவின் வரி அல்ல.

மறுபதம் வைத்ததை மறைத்து, பழைய வாளை அசல் என்று விற்பவர்களும் உண்டு. ஆகவே வாளை மதிப்பிடுபவர்கள் முதலில் பார்ப்பது பளபளக்கும் அலகை அல்ல, கைப்பிடிக்குள் செருகியிருக்கும் காம்பை. நூற்றாண்டுகளாக ஏறிய துரு அங்கே கருத்து, சீராகப் படிந்திருக்கும். தீயில் வெந்த காம்பிலோ மேற்பரப்பு பொரிந்து, துருவின் நிறமும் மாறியிருக்கும். அலகு தொடங்கும் இடத்தில் சாய்வாக எழும் மங்கலான நிழலும் சந்தேகத்தைக் கிளப்பும். அதற்கு மிசுகாகே என்று பெயர். ஆனால் ஹோரிகாவா குனிஹிரோ என்ற கொல்லரின் பழுதில்லாத வாள்களிலும் அந்த நிழல் உண்டு. ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மெருகேற்றுவதற்கும் எல்லை உண்டு. சொரசொரப்பான கல்லில் தொடங்கி, கடைசியில் விரல் நுனியில் வைத்துத் தேய்க்கும் மெல்லிய கல் சில்லு வரை, பல கற்களைத் தாண்டி வருகிறது அலகு. சின்னச் சின்ன முறிவுகளைத் தேய்த்தே சரிசெய்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எஃகு போகும். மேல்தோல் தேய்ந்தால் உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு வெளியே தெரியும். வெட்டுவாயில் குறுக்கே விரிசல் விட்டிருந்தால் எந்தக் கல்லாலும் பயனில்லை.

வெந்த வாளை அப்படியே விட்டுவிடும் வழியும் உண்டு. 1719இல் ஷோகுன் யோஷிமுனேவின் ஆணைப்படி, வாள் மதிப்பிடும் ஹொனாமி குடும்பம் தொகுத்த புகழ்பெற்ற வாள்களின் பட்டியலில், எரிந்துபோனவற்றுக்கும் தனிப் பகுதி இருக்கிறது. பிரபு தாதே மாசமுனே வைத்திருந்த ஷோகுதாய்கிரி மித்சுதாதா என்ற வாள் பின்னாளில் மித்தோ டொக்குகாவா குடும்பத்துக்கு வந்து, 1923 செப்டம்பர் நிலநடுக்கத் தீயில் கருகியது. அழிந்தே போனதென்று பலர் நம்பியிருந்தார்கள். வாள்களை இளைஞர்களாக உருவகித்த ஓர் இணைய விளையாட்டின் ரசிகர்கள் விசாரிக்கத் தொடங்க, 2015இல் மித்தோ அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது. மறுபதமும் இல்லை, மெருகும் இல்லை, கருகிய நிலையிலேயே.

இரண்டில் எது சரி? போருக்கு வாள் தேவைப்பட்ட காலத்தில் யாசுத்சுகு செய்தது நியாயம். இன்று வாள் ஒரு சான்று. சான்றைத் திருத்தக் கூடாது. 1945இல் ஜப்பான் போரில் தோற்றபின் நேச நாட்டுச் சிப்பாய்கள் ஊருக்கு எடுத்துப்போன வாள்கள் இன்னமும் பரண்களிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒன்று கைக்கு வந்தால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். காம்பின் துருவை அப்படியே விட்டு, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.