தட்டு மறையும் ஆழம்

ஏஞ்சலோ செக்கிக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. இயேசு சபைப் பாதிரியார், வானியல் அறிஞர். ரோம் நகரில் சபை நடத்திய கல்லூரியின் வானாய்வுக் கூடத்துக்கு இயக்குநர். ஏறத்தாழ 4000 நட்சத்திரங்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்து, அவற்றை வகைப்படுத்தியவர். இரவெல்லாம் மேலே பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதரை, ஒரு நீராவிக் கப்பலின் ஓரத்தில் கயிறும் தட்டுமாகக் கீழே குனிந்து பார்க்க வைத்தவர் அலெஸ்ஸாந்த்ரோ சால்தி. போப்பாண்டவரின் கடற்படைத் தளபதி.

போப்பாண்டவருக்குக் கடற்படையா என்று கேட்கத் தோன்றும். 1870 வரை ரோம் நகரம் போப்பின் ஆட்சியில் இருந்தது. சிவிட்டாவெக்கியா அந்த நாட்டின் துறைமுகம். அலையும் நீரோட்டமும் கரையோரத்தில் என்ன செய்கின்றன என்பது சால்தியின் நெடுநாள் ஆராய்ச்சி. அதோடு சேர்த்துக் கடல்நீரின் தெளிவையும் முறையாக அளந்துவிட நினைத்தார். ஒளியைப் பற்றித் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. செக்கியைக் கூப்பிட்டார்.

கப்பலின் பெயர் இம்மகோலாத்தா கொன்செசியோனே. நம்மூர்க் கத்தோலிக்கர் ‘அமலோற்பவம்’ என்பார்களே, அதுதான். 1865 ஏப்ரல் 20 அன்று அந்தக் கப்பலிலிருந்து முதல் தட்டு மத்தியதரைக் கடலுக்குள் இறங்கியது. ஒரே தட்டு அல்ல, பல தட்டுகள். இரும்பு வளையத்தின் மேல் வெள்ளைப் பாய்த்துணியை இழுத்துக் கட்டிச் செய்த பெரிய தட்டு ஒன்று. சிறிய வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று. வேறு நிறம் பூசியவையும் இருந்தன. ஒவ்வொன்றையும் கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறித்தார்கள்.

தண்ணீருக்குள் பொருளை இறக்கிப் பார்ப்பது செக்கி கண்டுபிடித்ததல்ல. அவருக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, ரூரிக் கப்பலில் உலகைச் சுற்றிய ரஷ்யக் கப்பல் தலைவர் கோட்செபூ வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்திருக்கிறார். பெயர் தெரியாத மாலுமிகள் எத்தனையோ பேர் அதற்கும் முன்னால் செய்திருப்பார்கள். அப்படியிருக்க, இந்தத் தட்டை இன்று ‘செக்கி தட்டு’ என்று அழைப்பது ஏன்? அவர் எழுதி வைத்த அறிக்கைதான் காரணம் என்பேன். எத்தனை மீட்டரில் மறைந்தது என்பதோடு அவர் நிற்கவில்லை. சூரியன் எவ்வளவு உயரத்தில் இருந்தது, வானம் தெளிவா மேகமா, கப்பலின் நிழல் விழும் பக்கத்தில் பார்த்தோமா வெயில் பக்கத்திலா, தட்டு பெரிதானால் ஆழம் எவ்வளவு கூடுகிறது, வெள்ளையை விட்டு மஞ்சளைப் போட்டால் எவ்வளவு குறைகிறது, பார்க்கிறவர் கண் நீருக்கு எவ்வளவு மேலே இருந்தது என ஒன்றையும் விடாமல் மாற்றி மாற்றிச் சோதித்தார். கடலை அளக்கப் போனவர், அளக்கிற கண்ணையும் சேர்த்தே அளந்து பார்த்தார். அந்த அறிக்கை 1866-இல் சால்தியின் நூலோடு சேர்ந்து வெளிவந்தது.

இன்று பள்ளி மாணவர்கள் கையில் இருக்கும் தட்டு கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்வட்டம் கொண்டது. அந்த வடிவம் அமெரிக்காவில் பிறந்தது. குடிநீர்த் தேக்கங்களில் வளரும் நுண்ணுயிர்களை ஆராய்ந்த ஜார்ஜ் விப்பிள் 1899-இல் தட்டை 20 சென்டிமீட்டராகச் சுருக்கி, எதிரெதிர்க் கால்வட்டங்களுக்குக் கறுப்பு அடித்தார். முழு வெள்ளைத் தட்டு ஆழத்துக்குப் போகப் போக மங்கி, பச்சையாகி, ‘இருக்கிறதா இல்லையா’ என்று கண்ணைத் தடுமாற வைக்கும். பக்கத்திலேயே கறுப்பு இருந்தால், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிற கணத்தைப் பிடிப்பது எளிது. கடலில் ஆராய்கிறவர்கள் மட்டும் பெரும்பாலும் பழைய முழு வெள்ளையையே வைத்துக்கொண்டார்கள்.

தட்டு மறையும்போது ஒளி தீர்ந்துபோய்விடவில்லை. அந்த ஆழத்துக்குக் கீழேயும் பாசி வளர வெளிச்சம் இருக்கும். மேலிருந்து போகும் ஒளியை நீரில் மிதக்கும் பாசியும் மண்துகளும் விழுங்குகின்றன, சிதறடிக்கின்றன. தட்டில் பட்டுத் திரும்பி வருவதற்கும் அதே கதி. தட்டின் வெளிச்சத்துக்கும் சுற்றியுள்ள நீரின் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு நம் கண்ணால் பிரித்தறிய முடியாத அளவுக்குக் குறைகிற இடம்தான் அந்த ஆழம். இந்த அளவீட்டில் மனிதக் கண்ணைக் கழற்றி வைக்க முடியாது. கருவிப் பெட்டிகள் எத்தனையோ வந்த பிறகும் வகுப்பறைக்கு இந்தத் தட்டைவிட நல்ல ஆசான் இல்லை என்று நான் நம்புவது இதனால்தான். பெட்டி எண்ணைத் தந்துவிடும். குழந்தை அதை எழுதிக்கொண்டு வந்துவிடும். தட்டு அப்படித் தராது.

தட்டு எதற்கெல்லாம் சாட்சி சொன்னது என்பதற்கு சியாட்டில் நகரத்தை ஒட்டிய வாஷிங்டன் ஏரி ஒன்றே போதும். சுற்றியுள்ள ஊர்கள் சுத்திகரித்த கழிவுநீரை ஏரியில்தான் விட்டன. சுத்திகரித்தாலும் பாஸ்பரஸ் போகாது. பாசிக்கு அது உரம். 1955-இல் எட்மண்ட்சன் என்ற விலங்கியல் பேராசிரியர், கெடப்போகிற ஏரிகளில் தலைகாட்டும் ஒருவகை நீலப்பச்சைப் பாசியை அங்கே கண்டார். மக்கள் 1958-இல் வாக்களித்துத் தங்கள் பணத்தில் கழிவுநீரை ஏரிக்குப் போகாமல் திருப்ப முடிவெடுத்தார்கள். 1963-இல் திருப்பத் தொடங்கி 1968-இல் முடித்தார்கள். தொடங்கிய காலத்தில் கோடையில் தட்டு சுமார் 1 மீட்டரிலேயே மறைந்துகொண்டிருந்தது. முடித்தபோது ஏறக்குறைய 3 மீட்டர். 1976-க்குப் பிறகு டாப்னியா என்னும் நீர்த்தெள்ளு பெருகிப் பாசியை வடிகட்டித் தின்னத் தொடங்கியதும் ஏரி இன்னும் தெளிந்தது. இவ்வளவு பெரிய மீட்சியை ஊர் மக்கள் ஒரு தட்டின் ஆழத்தை வைத்தே பேசிக்கொள்ள முடிந்தது.

தட்டை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கொண்டுவந்ததில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஷபிரோவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயிரக்கணக்கான ஏரிகள் உள்ள மாநிலத்தில் ஆராய்ச்சியாளர் எத்தனை ஏரிக்குப் போக முடியும்? 1973-இல் ஏரிக்கரையில் குடியிருப்பவர்களிடமே தட்டைக் கொடுத்தார். 1977-இல் ராபர்ட் கார்ல்சன் அந்த ஆழங்களுக்கு ஒரு கணக்குப் போட்டுத் தந்தார். தட்டு 64 மீட்டரில் மறைந்தால் ஏரிக்கு 0 மதிப்பெண். ஆழம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் 10 கூடும். 4 மீட்டருக்கு 40, 2 மீட்டருக்கு 50, 1 மீட்டருக்கு 60. எண் கூடக் கூட ஏரியில் பாசி அதிகம் என்று பொருள். மடக்கை படித்த மாணவருக்கு, பாடப்புத்தகத்தில் உயிரில்லாமல் கிடந்த ஒன்று ஏரியில் போய் நிற்கிறது. அதே கார்ல்சன் 1994-இல், ஊர் ஊராக எல்லோரும் ஒரே பருவத்தில் தட்டை இறக்கும் ஒரு கூட்டு அளவெடுப்பைத் தொடங்கினார். பள்ளி மாணவர்கள் உலகெங்கும் ஒரே முறையில் அளந்து பதியும் குளோப் திட்டம் 1995-இல் தொடங்கியது; 2000-இல் இந்தியாவும் சேர்ந்தது. அதன் நீர் அளவீடுகளில் இந்தத் தட்டும் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரோடும் அவர்களுடைய அறிவியல் ஆசிரியையோடும் ஓர் ஏரிக்குப் போயிருந்தேன். தட்டைப் பிள்ளைகளே செய்திருந்தார்கள். பெயின்ட் வாளி மூடியை 20 சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி, கறுப்பு வெள்ளை அடித்து, நடுத்துளையில் போல்ட் போட்டு, கனத்துக்கு அடியில் நாலைந்து பெரிய வாஷர்களை முடுக்கியிருந்தார்கள். கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு மார்க்கர் கோடு. மதகு மேடையில் நின்று இறக்கினார்கள்.

முதலில் பார்த்த பெண், “போச்சு டீச்சர், காணோம்” என்றாள். துணி மாட்டும் கிளிப்பைக் கயிறு நீரைத் தொடும் இடத்தில் மாட்டினார்கள். கொஞ்சம் கீழே விட்டு மெல்ல மேலே இழுத்து, மறுபடி தெரிந்த இடத்தில் இன்னொரு கிளிப். இரண்டுக்கும் சராசரி 41 சென்டிமீட்டர். அடுத்தவன் குனிந்தான். 41-இல் நிறுத்தியபோது, “எனக்கு இன்னும் தெரியுது டீச்சர்” என்றான். அவனுக்கு 47. மூன்றாவது பெண்ணுக்கு 44.

“எது டீச்சர் சரி?” என்றார்கள். ஆசிரியை பதில் சொல்லவில்லை. எங்கே நின்று பார்த்தாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். 41 சொன்ன பெண் வெயில் பக்கம் நின்றிருந்தாள். நீர்ப்பரப்பில் வானம் பளபளத்துக்கொண்டிருந்தது. 47 சொன்னவன் மேடை நிழலில் மண்டி போட்டு, கண் பழகும்வரை பொறுத்துப் பார்த்திருந்தான். எல்லோரும் சூரியனுக்கு முதுகு காட்டி நிழலில் நின்று மறுபடி பார்த்தார்கள். 45, 46, 45. நிழலா வெயிலா, கண்ணின் உயரம் என்ன என்று செக்கி கப்பலில் கேட்டுக்கொண்டதை, அவர் பெயர்கூட இன்னும் தெரியாத பிள்ளைகள் அரை மணி நேரத்தில் தாங்களே கேட்டுவிட்டார்கள்.

வகுப்புக்குத் திரும்பிக் கார்ல்சன் கணக்கைப் போட்டால் 70-க்கு மேல் வந்தது. அட்டவணைப்படி அது பாசி மண்டிய ஏரி. ஆனால் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர் பச்சையாக இல்லையே, செம்மண் நிறமாக அல்லவா இருக்கிறது என்றான் ஒருவன். மறுநாள் ஒரு மாணவியின் பாட்டி நான்கு தேற்றாங்கொட்டைகளைக் கொடுத்தனுப்பினார். இரண்டு மண்பானையில் அதே ஏரித் தண்ணீர். ஒன்றின் உட்புறத்தில் மட்டும் கொட்டையை இழைத்தார்கள். மதிய உணவு மணி அடிப்பதற்குள் இழைத்த பானையில் சேறு படிந்து மேல்நீர் தெளிந்தது. மற்றதில் கலங்கல் அப்படியே நின்றது. மறைத்தது பாசியல்ல, மண். கார்ல்சனின் கணக்கு, பாசியால் மங்கும் ஏரிக்குப் போட்டது. அவரே அதைச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு என்று தட்டு சொல்லும், எதனால் என்று சொல்லாது. இந்த வேறுபாட்டை விளங்கவைக்க நான் எத்தனையோ முறை கரும்பலகையில் முயன்று தோற்றிருக்கிறேன். அந்த இரண்டு பானைகள் அன்று மதியத்துக்குள் விளங்கவைத்துவிட்டன. பிறகு பேச்சு ஏரியை விட்டு, வரத்துக் கால்வாயோரம் எங்கே மண் அள்ளுகிறார்கள் என்பதற்குப் போய்விட்டது.

புறப்படுவதற்கு முன் அவர்களுடைய பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி, நேரம், மேகம், நீரிலிருந்து கண் இருந்த உயரம், மறைந்த ஆழம், தெரிந்த ஆழம் என்று கோடு போட்டிருந்தார்கள். ‘பார்த்தவர்’ என்றும் ஒரு கட்டம் இருந்தது. மூன்றாவதாகப் பார்த்த பெண் தன் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: ‘கண்ணாடி போட்டிருந்தேன். கண்ணாடியில் தண்ணீர் தெறித்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.’