கருகலுக்கு எதிராக ஒரு நூற்றாண்டு: திருமங்கலம் வட்டாரப் பயிர்களும் பாக்டீரியா நோய் ஆய்வும்

மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலத்தைத் தாண்டினால் மண் கறுத்துவிடும். கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கமெல்லாம் கரிசல். மானாவாரிப் பருத்தியும் சோளமும் விளைந்த பூமி. பெரியாறு–வைகைப் பாசனத்தின் திருமங்கலம் கால்வாய்த் தண்ணீர் எட்டும் கண்மாய்களின் கீழே நெல் நிற்கிறது. பருத்தி, நெல் இரண்டையும் கருக்கும் கிருமிகள் நெருங்கிய உறவுடையவை. இரண்டுமே சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியாப் பேரினத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு எதிராக நடந்த ஆய்வுகளின் தடத்தைக் கோவில்பட்டி முதல் சூடான் வரை, திரூர்க்குப்பம் முதல் பிலிப்பைன்ஸ் வரை தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. உழவருக்கு நிலைத்த பயன் பெரும்பாலும் விதை வழியாகவே வந்திருக்கிறது. தெளிப்பு மருந்து வழியாக வந்தது குறைவு. அதற்கு நாம் கொடுக்கும் விலையோ அதிகம்.

பருத்தியிலிருந்து தொடங்கலாம். கரிசல் பகுதிக்கென்று கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் நிறுவப்பட்டது. அப்போது இந்த மண்ணின் பயிர் கருங்கண்ணி. ஆர்போரியம் என்னும் நாட்டுப் பருத்தி இனத்தைச் சேர்ந்த அது வறட்சி தாங்கும். இழை மட்டும் குட்டை. ஆலைகள் நீண்ட இழை கேட்டன. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சென்னை மாகாணத்துக்குள் வந்த கம்போடியாப் பருத்தி அந்தத் தேவையை நிறைவு செய்தது. அது அமெரிக்க வழியான ஹிர்சூட்டம் இனம். கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் வேகமாகப் பரவியது.

பாக்டீரியா கருகல் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானதும் தமிழ்நாட்டில்தான், 1918-இல். இலை நரம்புகளைத் தாண்ட முடியாமல் கோணல் கோணலாக நீர்க்கோத்த புள்ளிகள் தோன்றும். பிறகு அவை பழுப்பேறிக் கருகும். கிளையும் தண்டும் கறுத்து, காற்றடித்தால் ஒடியும். காயில் இறங்கினால் பஞ்சு கறைபட்டு அழுகும். நாட்டுப் பருத்தி இனங்கள் இந்த நோயைப் பெரிதும் தாங்கி நின்றன. ஹிர்சூட்டம் வகைகள் எளிதில் ஆட்பட்டன. நீண்ட இழையைத் தேடிப் போனபோது, எவரும் எண்ணிப் பார்த்திராத ஒரு காப்பு கைநழுவிப் போனது.

இந்தக் கிருமி விதையைச் சுற்றியுள்ள குறும்பஞ்சிலும், ஓரளவு விதைக்குள்ளேயும் தங்கி அடுத்த பருவத்துக்கு வந்து சேரும். எனவே முதல் தடுப்பு விதை மேலேயே தொடங்கியது. இன்றும் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அமில விதை நேர்த்தியை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் வேகம் தெரியும். பிளாஸ்டிக் வாளியில் ஒரு கிலோ விதை. அதன் மேல் 100 மில்லி அடர் கந்தக அமிலம். மரக்குச்சியால் இரண்டு மூன்று நிமிடம் விடாமல் கிளற வேண்டும். வெள்ளைப் பஞ்சு கரைந்து விதை காப்பி நிறத்துக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றி நாலைந்து முறை அலச வேண்டும். மிதப்பது பொக்கு, மூழ்குவது விதைப்புக்கு. விதை மேலிருந்த கிருமி பெருமளவு ஒழிந்துவிடும், முளைப்பும் சீராக இருக்கும். உள்ளே புகுந்த கிருமியை மட்டும் அமிலம் எட்டாது.

எட்டும் வழியைக் கண்டவர்கள் பயிர்ப் பெருக்க ஆய்வாளர்கள். சூடானில் பணியாற்றிய ஆர்.எல். நைட், பருத்தியின் எதிர்ப்புத் திறன் தனித்தனி மரபணுக்களாக இறங்குவதை 1930-களிலிருந்து காட்டி வந்தார். அவற்றுள் பி-4 என்று அவர் குறித்த மரபணு ஆர்போரியம் இனத்திலிருந்து வேறொரு பருத்தி இனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. நம் கருங்கண்ணியும் அந்த ஆர்போரியம்தான். ஆலைக்கு உதவாதென்று ஓரங்கட்டப்பட்ட இனத்திலிருந்தே உலகப் பருத்திக்கு ஒரு காப்பு கிடைத்தது என்பது, நாட்டு ரகங்களைச் சேமித்து வைப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் பதில்.

நெல்லின் கதை இன்னும் செறிவானது. ஜப்பானில் 1884-லேயே அறியப்பட்ட பாக்டீரியா இலைக்கருகல், இந்தியாவில் 1951-இல் மகாராஷ்டிரத்தில் காணப்பட்டது. 1963-இல் பீகாரின் ஷாகாபாத் மாவட்டத்தில் பெரும் அளவில் வெடித்தபோதுதான் நாடு விழித்தது. அடுத்து வந்த குட்டை ரகங்களான தைச்சுங் நேட்டிவ்-1, ஐ.ஆர்.8 இரண்டும் நோய்க்கு எளிதில் ஆட்பட்டவை. அவை கேட்ட தழைச்சத்தோ நோயை இன்னும் தூண்டியது. யூரியாவைக் கூடுதலாக மேலுரம் இட்ட வயலில் கருகல் முந்திக்கொள்வதை இன்றும் காணலாம்.

கிருமி நுழைய ஊசிமுனை வாசல் போதும். நடவின்போது வளர்ந்த நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்த வெட்டுவாயே கிருமிக்கு வாசல். ஆகவே நுனியைக் கிள்ளாதீர்கள் என்று பரிந்துரை சொல்கிறது. செலவே இல்லாத அறிவுரை இது. நோயை உறுதி செய்யும் சோதனையும் அப்படித்தான். நுனியிலிருந்து அலை அலையாக மஞ்சள் இறங்கும் இலையை வெட்டி, வெட்டுமுனையைக் கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் தோய்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், சில நிமிடங்களில் பால் கரைந்தாற்போல் ஒரு கலங்கல் நூலாக இறங்கும். கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் ஊற்று அது. சத்துக் குறைவால் மஞ்சளித்த இலையில் இந்தக் கசிவு இருக்காது.

இனி தமிழ்நாடு உலகுக்குக் கொடுத்த கொடைக்கு வருகிறேன். திருவள்ளூர் மாவட்டத் திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஜி.இ.பி.24, கோ 18 இரண்டையும் இணைத்து டி.கே.எம்.6 என்ற ரகம் உருவானது. தண்டுத் துளைப்பானைத் தாங்குவதால் அது முதலில் பெயர் பெற்றது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பெற்றோராகக் கொண்டு 1969-இல் ஐ.ஆர்.20-ஐ வெளியிட்டது. ஐ.ஆர்.20 தமிழ்நாட்டில் வீட்டுப் பெயராகிவிட்ட அரிசி. அதன் கருகல் எதிர்ப்புக்குக் காரணமான எக்ஸ்.ஏ.4 மரபணு டி.கே.எம்.6-இலிருந்து வந்தது என்பதை அதை உண்டவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? ஐ.ஆர்.36 உள்ளிட்ட அடுத்தடுத்த ரகங்களின் வம்சாவளியிலும் டி.கே.எம்.6 இருக்கிறது. எக்ஸ்.ஏ.4 எப்படிச் செயல்படுகிறது என்பது 2017-இல்தான் விளங்கியது. பயிரின் செல் சுவரை அது வலுப்படுத்துகிறது. அதனால் தண்டும் உறுதிப்படுகிறது. அதை மீறும் கிருமி வகைகள் சில இடங்களில் தோன்றினாலும், இத்தனை பரப்பில் இத்தனை காலம் ஈடுகொடுத்த நோயெதிர்ப்பு மரபணுக்கள் மிகச் சிலவே. பிறகு ஐதராபாத் ஆய்வாளர்கள் மூன்று மரபணுக்களைச் சம்பா மசூரியில் சேர்த்து, மேம்படுத்திய சம்பா மசூரியை 2008-இல் கொண்டுவந்தனர். ஒரே பூட்டுக்குப் பதில் மூன்று பூட்டு என்பதே அதன் கணக்கு.

இதற்கு இணையாக மருந்துக்கடை வழியும் வளர்ந்தது. 1943-இல் காசநோய்க்கு எதிராகக் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளினுடன் கலந்து வயலுக்கும் வந்தது. எக்டேருக்குப் பருத்தியில் 100 கிராம், நெல்லில் 300 கிராம் இக்கலவையும், 1.25 கிலோ காப்பர் ஆக்சிகுளோரைடும் என்பது பல காலம் பரிந்துரையில் இருந்தது. வெயிலில் சிதைந்து, மழையில் கழுவப்படும் மருந்து, நீர்க்குழாய்த் திசுவுக்குள் குடியேறிய கிருமியை முழுதாக எட்டுவதில்லை. மண்ணிலும் வாய்க்காலிலும் உள்ள மற்ற பாக்டீரியாக்களுக்கோ மருந்தை எதிர்க்கும் பயிற்சியை அது கொடுத்துவிடுகிறது. மனித உயிர் காக்கும் மருந்தை இப்படி வயலில் இறைத்தது பெரும் பிழை என்றே கருதுகிறேன். இவ்விரண்டையும் வேளாண்மையில் தடை செய்வதற்கான வரைவு ஆணையை ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது.

மாற்று, கோவையிலிருந்து வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி. வித்யாசேகரனும் உடன் ஆய்வாளர்களும் 1990-களில் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை டால்க் பொடியில் ஏற்றி, உழவர் கையாளும் பொருளாக்கினர். அதன் பி.எஃப்.1 என்ற வகை நெற்பயிருக்குள் தற்காப்பைத் தூண்டி இலைக்கருகலைக் குறைப்பதை 2001-இல் அறிவித்தனர். கிலோ விதைக்கு 10 கிராம். வயலில் எக்டேருக்கு 2.5 கிலோவைத் தொழுவுரத்துடன் கலந்து தூவலாம். இதன் பலவீனமும் சொல்லப்பட வேண்டும். உயிருள்ள சரக்கு இது. தகரக்கொட்டகையின் சித்திரை வெயிலில் கிடந்த பொட்டலத்தில் பொடி இருக்கும், பாக்டீரியா இருக்காது. தாமிர மருந்தோடு கலந்து தெளித்தாலும் அதே கதி.

 பருத்தியில் 2002-க்குப் பின் பி.டி. வீரிய ரகங்களே பெரும்பரப்பைப் பிடித்துவிட்டன. அவை புழுவுக்கு எதிரானவை. கருகல் கிருமியை பி.டி. நஞ்சு தொடாது. ஏற்கெனவே பஞ்சு நீக்கிய விதை பொட்டலத்தில் வருவதால் வாளியும் அமிலமும் வீட்டிலிருந்து மறைந்தன. கூடவே, விதை நலத்தைத் தானே சோதித்துப் பார்க்கும் உழவரின் பழக்கமும் மறைந்தது. 1965-இல் தொடங்கிய மதுரை வேளாண்மைக் கல்லூரி திருமங்கலம் வயல்களுக்கு எட்டும் தூரத்தில், யானைமலை அடிவாரத்தில் இருக்கிறது. திருமங்கலம் சந்தைக்கு வரும் பருத்தி விதையில் கருகல் கிருமி உள்ளதா என்று ஒவ்வொரு பருவமும் சோதித்து முடிவை அறிவிப்பதும், கால்வாய்ப் பாசன நெல்லில் எந்தெந்தக் கிருமி வகைகள் உலவுகின்றன என்று வரைபடம் எடுப்பதும் அருகிலுள்ள ஆய்வுக்கூடங்களின் கைக்கு எட்டக்கூடிய வேலைகள். எந்த மரபணுவை எந்த ரகத்தில் சேர்ப்பது என்பதை அந்த வரைபடத்தைக் கொண்டுதான் முடிவு செய்ய முடியும்.