ஆயாக் கொட்டகையின் கதை



தோட்டம் என்றதும் விடியற்காலைப் பெரட்டும் பால் வாளியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தப் பெரட்டுக்கு ஒரு தாய் வந்து நிற்க வேண்டுமானால், அதற்கு முன்பே அவளது கைக்குழந்தையை யாரிடமாவது விட்டிருக்க வேண்டும். யாரிடம் விட்டாள்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை இருந்தது. அவற்றை இன்று பார்ப்போம்.

ரப்பர் மரத்தை வெயில் ஏறுமுன் சீவினால்தான் பால் தாராளமாக வடியும். அதனால் தாய் வீட்டை விட்டுப் புறப்படுவது இருட்டில். தமிழகத்துக் கிராமத்தில் வயலுக்குப் போகும் பெண், குழந்தையை மாமியாரிடமோ தாயாரிடமோ விட்டுச் செல்லலாம். மலாயாவுக்கு வந்தவளுக்கு அந்த வசதி இல்லை. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பிறகு, கங்காணிகள் தம் ஊர்ப் பக்கமே சென்று ஆள் திரட்டினார்கள். குடும்பங்களும் வந்தன, பெண்களும் வந்தார்கள். ஆனால் கப்பலேறியவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வயதினர். பாட்டிமார் ஊரிலேயே தங்கிவிட்டனர். லயத்தில் பாட்டி இல்லாத முதல் தலைமுறை அது. இதை மனத்தில் கொண்டால்தான் மற்றவை விளங்கும்.

தாய் வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று இன்று கேட்பவர்கள் அன்றைய சம்பளக் கணக்கைப் பார்க்க வேண்டும். 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் வகுக்கப்பட்ட நாட்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே வேலைக்கு இரண்டு கூலி என்பது ஒருபுறமிருக்க, அந்த 40 காசு இல்லாமல் அடுப்பு எரியாது என்பதே நிலைமை. தோட்ட நிர்வாகத்துக்கும் அவள் கை தேவைப்பட்டது.

இந்தச் சூழ்நிலையில்தான் ஆயாக் கொட்டகை வருகிறது. இந்தியா 1922இல் குடியேற்றச் சட்டம் ஒன்றை இயற்றி, தன் மக்கள் வேலைக்குப் போகும் நாடுகளில் அவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1923இல், மலாயாவில் தொழிலாளர் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று சொன்ன அதே சட்டத்தில் குழந்தைக் காப்பகத்துக்கும் பிரசவ உதவிப் பணத்துக்கும் இடம் கிடைத்தது. நம் தோட்டப் பள்ளியும் ஆயாக் கொட்டகையும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தவை என்பதை ஆசிரியர்களிலும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கொட்டகை என்ற பெயரே அது எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. குறுக்குக் கட்டையில் வரிசையாகச் சேலைத் தூளிகள், தரையில் பாய், தவழும் பிள்ளைகள் வாசலைத் தாண்டாமல் இருக்க ஒரு தடுப்பு. ஆயாவாக இருப்பவர் பெரும்பாலும் மரம் சீவ முடியாத வயதான பெண்மணி. ஆயா என்பது போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல். வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளையைத் தாலாட்டியவளுக்கு இருந்த அந்தப் பெயர், நம் பிள்ளைகளைத் தாலாட்டியவளுக்கும் வந்து சேர்ந்தது. பல தோட்டங்களில் ஒரே ஆயா பல பிள்ளைகளைச் சமாளிக்க வேண்டியிருந்தது. எனவே அது பிள்ளையை வளர்க்கும் இடம் என்பதைவிட, தாய் திரும்பும்வரை விழாமல் காக்கும் இடம் என்பதே பொருந்தும். அப்படியிருந்தும் அது பெரிய உதவிதான். அந்த ஆயாக்களை நாம் குறைத்துப் பேசலாகாது.

கொட்டகை இல்லாத இடத்திலும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாளிலும் தாய் என்ன செய்தாள்? மூத்த மகளைப் பள்ளிக்குப் போகாதே என்று நிறுத்தினாள். இடுப்பில் தம்பியுடன் நிற்கும் 9 வயதுச் சிறுமியே தோட்டத்தின் மலிவான காப்பகம். அவளுக்குக் கூலியில்லை, எந்தச் சட்டத்திலும் அவள் பெயர் இல்லை. ஒருநாள் நின்றவள் ஒரு வாரம் நிற்பாள். பாடம் விட்டுப்போனபின் வர வெட்கப்பட்டு முழுவதுமாகவே நின்றுவிடுவாள். பெண்பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியதற்கு அறிவுக்குறைவைக் காரணம் காட்டுவோர் உண்டு. வருகைப் பதிவேட்டைப் புரட்டியவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

1938இல் இந்தியா தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. வந்தவர்கள் இங்கேயே வேரூன்றினார்கள். காலப்போக்கில் லயத்திலும் பாட்டிகள் உண்டானார்கள். ஆனால் 1950களிலும் 1960களிலும் நடந்த தோட்டத் துண்டாடலில் பல பெரிய தோட்டங்கள் சிறு சிறு நிலங்களாக விற்கப்பட்டன. நிர்வாகம் போனபோது பல இடங்களில் கொட்டகையும் போயிற்று. பின்னர் பிள்ளைகள் வளர்ந்து தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் 1972இல் தொடங்கியது. அங்கே சூரியனைப் பார்த்து வேலையில்லை. ஷிப்டைப் பார்த்து வேலை. தோட்டத்தில் முதலாளியின் பொறுப்பில் இருந்த பிள்ளைக் காப்பு, தாமான் வீட்டுக்கு வந்ததும் தாயின் சம்பளத்திலிருந்து போகும் செலவாக மாறிவிட்டது. நாம் இழந்த உரிமைகளில் அதிகம் பேசப்படாதது இது.

1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் இவ்விடத்தில்தான் முக்கியமாகிறது. தாஸ்கா என்று நாம் சொல்வது இச்சட்டத்தின் கீழ் வருவது. அது 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கானது. வீட்டிலேயே 10க்குக் குறைவான பிள்ளைகளை வைத்து நடத்துவது ஒரு வகை. வேலையிடத்தில் நடப்பது, ஊர்ச் சமூகத்துக்காக நடப்பது, தனி நிலையமாக நடப்பது என்று வேறு வகைகளும் உள்ளன. வேலையிடத் தாஸ்காவைப் பார்க்கும்போது, நம் பழைய ஆயாக் கொட்டகை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது போலிருக்கிறது. 4 வயதுக்கு மேல் பாலர் பள்ளி இருக்கிறது. கெமாஸ் நடத்தும் தாபிக்காவும் இருக்கிறது. ஆனால் இவை பெரும்பாலும் நண்பகலோடு முடிந்துவிடும். மாலைவரை வேலை செய்யும் தாய்க்கு அதன்பிறகு வேறொருவர் தேவை.

பிரசவ விடுப்பு 60 நாளாக இருந்து, 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து 98 நாளாயிற்று. அந்த 98 நாள் முடியும்போது குழந்தைக்கு மூன்று மாதத்துக்குச் சற்றே அதிகம். அன்று பாட்டியும் இல்லையென்றால், பக்கத்து வீட்டு அம்மாவிடம் விடுவதே நம்மில் பலர் செய்வது. அதில் தவறில்லை. அவர் மூன்று பிள்ளைகள் வரை பார்த்துக்கொண்டால் பதிவு தேவையில்லை. நான்காவது பிள்ளையும் வந்தால் சமூகநலத் துறையில் பதிந்தாக வேண்டும். பிள்ளையை ஒப்படைக்குமுன் அங்கே ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான்கு என்றால், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.